எல்லைக் கோடும் ஏழைப் பிள்ளையும்

ஓர் ஊரைத் தாளில் வரைய முற்படுவோர் முதலில் சாலையை வரைகின்றனர். பின்னர் ஆறு, வாய்க்கால், புகைவண்டிப் பாதை, சந்தை, கச்சேரி, வழிபாட்டு இடங்கள் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கின்றனர். ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை யாவும் எளிதாகத் தாளில் அமர்ந்துவிடுகின்றன. ஓடித் திரியும் குழந்தையை எவ்வாறு வரைவது?

அண்மைக் காலத்தில் அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள், எத்தனை பிள்ளைகள், அவர்களுள் எடை குறைந்தோர் எத்தனை பேர், பள்ளியை விட்டு நின்றோர் எத்தனை பேர், இளவயதுத் திருமணம் எங்கே மிகுதி என்றெல்லாம் கணக்கெடுத்து, அக்கணக்கை வரைபடத்தின் மேல் வண்ணமாகப் பூசுகிறார்கள். நிலைமை நன்றாயிருந்தால் பச்சை, கவலைக்குரியதாயின் மஞ்சள், ஆபத்தாயின் சிவப்பு. நூறு பக்க அறிக்கை சொல்லாததை ஒரு தாள் சொல்லிவிடுகிறது. பயனுள்ள கருவிதான், ஐயமில்லை. ஆயினும் ஒரு தெருவைச் சிவப்பாகத் தீட்டிய கை, அந்தத் தெருவுக்கு எதைக் கடன்படுகிறது? தீட்டியதோடு அதன் வேலை முடிந்ததா? இதனை உடுமலைப்பேட்டையை முன்வைத்தே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

கோவை மாவட்டத்தில் இருந்த உடுமலை, 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது அதன் தென்கோடிக்குப் போயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள் தொகை 61,133. நகராட்சிக்கு 33 வார்டுகள். வரைபடம் தயாரிப்போருக்கு இவை போதும். 33 கட்டங்களையும் வண்ணமடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கின் வயதையும் நாம் கேட்க வேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டது என்றே அறிவிக்கப்பட்டது. வேலைக்கு அனுப்பலாகாது என்று சட்டம் காத்து நிற்பது 14 வயது நிறையாத பிள்ளைகளை. 2025 மார்ச் மாதம் பிறந்தபோது அந்த வயதிலிருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இல்லை! அவர்கள் எல்லோரும் அக்கணக்கு முடிந்த பிறகு பிறந்தவர்கள். யாரைக் காப்பதற்காக வரைபடம் தீட்டுகிறோமோ, அவர்கள் பிறப்பதற்கு முந்தைய எண்களைக் கொண்டே அது தீட்டப்பட்டிருக்கிறது.

பழைய எண் என்பது ஒரு குறை. இடம் தவறுவது அதனினும் பெரிய குறை. உடுமலைப் பகுதியில் பிள்ளைக்கு நேரும் ஆபத்து நகரத்தின் 33 வார்டுகளுக்குள் வரிசையாக அமர்ந்திருக்கவில்லை. அது தென்னந்தோப்புக்குள் இருக்கும் சாளையில் இருக்கிறது. நார் மில்லின் பின்புறம் தகரம் வேய்ந்த அறைகளில் இருக்கிறது. கோழிப்பண்ணையைக் காவல் காக்கும் குடும்பத்தோடு, அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஈராண்டு தங்கி, மேலாளர் மாறினால் தாமும் மாறிச் செல்லும் குடும்பங்கள் இவை. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இங்கில்லை. குடும்ப அட்டையும் இங்கில்லை. பிள்ளையின் மொழியும் இங்குள்ள பள்ளியின் மொழியன்று.

தெற்கே பார்த்தால் மலை. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி எனப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. தாளில் அளந்தால் திருமூர்த்திமலையின் அடிவாரத்துக்கும் குருமலைக்கும் இடையே அதிக தூரமில்லை. ஆனால் அங்கிருந்து பேறுகால வேதனையில் இருக்கும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தூரம் என்றால் என்னவென்று! கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. சமவெளியில் நல்ல விதி. மலையில் அதே 3 கிலோமீட்டர் யானை நடமாடும் வழியாகவும், மழைக்காலத்தில் கடக்கவொண்ணா ஓடையாகவும் இருக்கும். காகத்தின் வழியை அளந்த அளவுகோல் பிள்ளையின் காலை அளப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக அல் இத்ரீஸி உலக வரைபடம் செய்தளித்தபோது தெற்கை மேலே வைத்தே வரைந்தார். அவர் முறைப்படி நம் வட்டத்தை வரைந்தால் மலைக் குடியிருப்புகள் தாளின் உச்சியில் முதலில் கண்ணில் படும். இன்றைய தாளில் அவை அடி விளிம்பில், குறிப்பு விளக்கக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

இனிப் பஞ்சாலைக்கு வருவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு அழைத்து வரும் முறை பல்லாண்டுகள் நடந்தது. 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'மாங்கல்யத் திட்டம்' என்றும் அதற்குப் பெயர் வைத்தார்கள். விடுதியில் தங்க வேண்டும். மூன்றாண்டு முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும். அதைக்கொண்டு திருமணம் நடத்தலாம் என்பது வாக்கு. நோயால் இடையில் நின்றவர்கள் அந்தத் தொகையைப் பெறாமலே வீடு திரும்பிய கதைகள் பல. 2011 மே மாதத்திலும் 2014 அக்டோபரிலும் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் அறிக்கைகள் வெளியிட்ட பிறகு உலகம் முழுவதும் இது பேசப்பட்டது. அங்கே வேலை செய்தோரில் 18 வயது நிறையாதோரும் இருந்தனர்.

அந்தப் பெண்பிள்ளையை வரைபடத்தில் எங்கே வைப்பது? அவள் பெயர் தேனிப் பக்கத்திலோ விருதுநகர்ப் பக்கத்திலோ தந்தையின் குடும்ப அட்டையில் இருக்கிறது. அவள் உறங்குவதோ இங்கே, விடுதிக் கதவுக்கு உள்ளே. பள்ளியை விட்டு நின்ற பெண்கள் மிகுந்த ஊர் என்று அவளுடைய கிராமத்துக்குச் சிவப்பு பூசப்படும். அவளை இரவு ஷிஃப்டில் நிறுத்திய இயந்திரம் இருக்கும் ஊரோ, வேலைவாய்ப்பு மிகுந்த ஊர் என்று பச்சையாகத் திகழும். வண்ணங்கள் பொய் சொல்லவில்லை; ஆனால் ஆபத்தின் மூலம் ஓரிடத்திலும் அவப்பெயர் வேறோரிடத்திலும் விழுந்துவிடுகின்றன.

மேலும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எந்தக் கிராமத்தில், எந்தத் தெருவில், தந்தை இறந்த வீடு எது, கடன் முற்றிய வீடு எது, அங்கே பதினைந்து வயதுப் பெண் இருக்கிறாளா என்பதை எல்லாருக்கும் முன்பே துல்லியமாக அறிந்து வைத்திருந்தவர் யார்? ஆள் பிடித்துக் கொடுத்த புரோக்கர். எந்த அலுவலகத்தின் வரைபடமும் அவர் மனத்திலிருந்த வரைபடத்துக்கு ஈடாகாது! எத்தீம் பிள்ளை இருக்கும் வீட்டை அறிந்திருப்பது ஒரு நற்குணமாக நம்மிடையே போற்றப்படுகிறது. அதே அறிவு அவரிடமும் இருந்தது. அறிந்தவர் அதனால் தம்மேல் ஒரு பொறுப்பு ஏறியதாகக் கருதினாரா, ஒரு வாய்ப்பு வந்ததாகக் கருதினாரா என்பதில்தான் இருவரும் பிரிகின்றனர். நலிந்த பிள்ளைகளின் இருப்பிடத்தைக் குறித்த தாளை ஊரறிய ஒட்டி வைக்க எண்ணுவோர், அதைப் படிக்கக்கூடிய கண்களுள் இத்தகைய கண்களும் உண்டென்பதை மறக்கலாகாது.

திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடே பட்டறையாகவும் இருக்கிறது. பனியன் கம்பெனியில் தையற்காரருக்குத் துணையாகத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் ஒரு காலத்தில் சிறுவர்கள் நிரம்பியிருந்தார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன்பின் வந்த சோதனைகளும், வெளிநாட்டில் துணி வாங்குவோரின் கெடுபிடியும் பெரிய கம்பெனிகளின் வாசலிலிருந்து சிறுவர்களை அகற்றின. பிசிறு வெட்டுவது போன்ற சில்லறை வேலைகள் மூட்டையாக வீடுகளுக்கு வந்தன. 2016இல் சட்டம் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்று கண்டிப்பாக்கியவர்கள், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள். குடும்பத் தொழில் எது, குடும்பத்துக்குள் வந்து சேர்ந்த கம்பெனித் தொழில் எது? வரைபடத்தில் அது வீடு என்றே இருக்கும்.

இந்தச் சிக்கலை நூறாண்டுக்கு மேலாக அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சந்தித்திருக்கிறார்கள். அங்கே ஹல் ஹவுஸ் என்னும் தொண்டில்லத்தைச் சார்ந்த பெண்மணிகள், தங்களைச் சுற்றியிருந்த தெருக்களில் எந்த வீட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தவர் வாழ்கிறார், வாரக் கூலி என்ன என்று வீடு வீடாகக் கேட்டு, வண்ணமிட்டு, 1895இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவர் பிளாரன்ஸ் கெல்லி. 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்ந்தவர்; வீட்டு அறைகளுக்குள் நடந்த துணி தைக்கும் தொழிலையும் அதில் உழன்ற பிள்ளைகளையும் நேரில் கண்டவர். அவருடைய கையில் வரைபடம் சட்டத்துக்குச் சான்றாயிற்று.

அதற்குச் சற்று முன்பு, 1889இல், இலண்டனில் சார்லஸ் பூத் என்னும் கப்பல் வணிகர் நகரின் வறுமையை வரைபடமாக்கினார். சுவையான செய்தி யாதெனில், அவர் பெரும்பாலும் நம்பியது பள்ளிக் குழுவின் ஊழியர்களைத்தான். பள்ளி வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் சென்று வந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளைத் தேடிப் போன கால்கள் அறிந்ததே நகரின் வறுமைப் படமாயிற்று. அவருடைய உழைப்பு பின்னாளில் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிகோலியது. ஆனால் கருமை பூசிய தெருக்களுக்கு அவர் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள்: மிகத் தாழ்ந்த வகுப்பினர், தீயொழுக்கத்தினர், பாதிக் குற்றவாளிகள்! அத்தெருவில் அன்று காலை பிறந்த குழந்தையும் அந்த மைக்குள்தானே கிடந்தது? 1930களில் அமெரிக்க நகரங்களில் வீட்டுக் கடனுக்காகச் சிவப்புக் கோடிட்ட பகுதிகளின் கதியும் இதுவே. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் ஆபத்தானவை என்று குறிக்கப்பட்டன; கடன் கொடுப்போர் விலகி நின்றனர்; கவனிப்பாரற்ற தெருக்கள் பின்பு மெய்யாகவே நலிந்தன.

குறியிடப்பட்ட தெரு என்றால் என்னவென்று நமக்கு யாரும் தொலைவிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் கோவைக் கோட்டைமேட்டின் வழிகளில் காவல் சோதனைச் சாவடிகள் நின்றன. அவற்றைக் கடந்து பள்ளிக்கும் வேலைக்கும் சென்றவர்கள் தங்கள் முகவரியைச் சொல்லும்போது எதிரிலிருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே, கணக்கெடுக்க ஒருவர் கையில் தாளோடு வாசலில் நின்றால் எதற்காக என்று கேட்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருப்பது வியப்பன்று.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று கதவை அடைத்துக்கொள்ளலாமா? கணக்கில்லாத காலத்தில் நம் பிள்ளைகளின் நிலையைச் சொல்லி எவரிடத்தும் முறையிட முடியவில்லை. 2006 நவம்பரில் சச்சார் குழுவின் அறிக்கை வந்த பிறகே, நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கே செல்லாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று எண்ணை முன்வைத்து வாதிட முடிந்தது. எண்ணப்படாதவன் ஏமாற்றப்பட்டதற்குச் சாட்சியும் இல்லை.

அவ்வாறாயின் குறியிடவும் வேண்டும். குறி பழியாகவும் மாறக்கூடாது. இது இயலுமா? இயலும் என்பதற்கு நம் வீட்டு வாசற்கதவிலேயே சான்று இருந்தது. போலியோ சொட்டு மருந்து நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று சுண்ணாம்புக் கட்டியால் கதவோரம் எழுதி வைத்ததைப் பலர் கண்டிருப்பர். எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுத்தாயிற்றென்றால் 'பி'. ஒரு பிள்ளை விடுபட்டிருந்தால் 'எக்ஸ்'. அந்த 'எக்ஸ்' அவ்வீட்டாரைக் குறை கூற எழுந்த எழுத்தன்று; இவ்வீட்டுக்கு நான் மீண்டும் வரவேண்டும் என்று ஊழியர் தம்மேல் எழுதிக்கொண்ட கடன் சீட்டு. பிள்ளையின் சுண்டு விரலில் வைத்த மையோ ஏழை, செல்வர் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றே. பேருந்து நிலையத்திலும் புகைவண்டி நிலையத்திலும் சொட்டு மருந்தோடு நின்றார்கள். செங்கற் சூளையையும் நாடோடிகளின் கூடாரத்தையும் தனியே பட்டியலிட்டுத் தேடிச் சென்றார்கள். 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் ஒரு குழந்தைக்குக் கண்ட நோயே நாட்டில் இயற்கைக் கிருமியால் வந்த கடைசிப் போலியோவாயிற்று. 2014 மார்ச்சில் சான்றும் கிடைத்தது. குறியை இட்டவர் திரும்பி வந்தார். அதனால் குறி மருந்தாயிற்று.

தேடும்போது கூர்மையாகக் குறிக்க வேண்டும். கொடுக்கும்போது குறி தெரியாமல் கொடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து. தமிழகம் இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தது. 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில், உலக வங்கியின் உதவியோடு, ஊட்டச்சத்துத் திட்டமொன்று தொடங்கிற்று. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தளர்ந்த குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, தேறிவிட்டால் நிறுத்தம். கடுமையான ஊட்டக்குறைவு அதனால் குறைந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டமோ, வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் தட்டில் சோறு என்றது. யார் வீடு நலிந்த வீடு என்று பந்தியில் கேட்கவில்லை. வல்லுநர் சிலர் அன்று அதனை வீண் செலவென்றனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தராசு தேடுவதற்கு, தட்டு கொடுப்பதற்கு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முடியாது.

குறிப்பாகக் கொடுக்கும் விதி எவ்வளவு நுட்பமாகத் தவறக்கூடும் என்பதற்குக் கலீபா உமர் (ரலி) அவர்களின் காலத்துச் செய்தியை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மதீனாவில் பதிவேடு ஏற்படுத்தி மக்களுக்கு உதவித்தொகை வழங்கியபோது பால்குடி மறந்த குழந்தைக்கு மட்டும் தொகை என்பது விதி. நகரின் வெளியே வணிகக் கூட்டமொன்று வந்து தங்கிய இரவில் கலீபா காவலுக்குச் சென்றார். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. ஏன் அழவிடுகிறாய் என்று தாயிடம் பலமுறை கேட்டபின், தம்மிடம் பேசுபவர் யாரென அறியாத அவள், பால் மறக்கடிக்கிறேன், பால்குடிப் பிள்ளைக்கு உமர் தொகை தருவதில்லையே என்றாளாம். விடியற்காலைத் தொழுகையில் அவர் ஓதியது மக்களுக்கு விளங்காத அளவு அழுகை மேலிட்டது. பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டென்று அன்றே அறிவித்தார். பதிவேடு ஒழுங்காகத்தான் இருந்தது. அழுத குழந்தையோ ஊராரின் குழந்தைகூட அன்று. வழிப்போக்கர் கூட்டத்தின் குழந்தை. பதிவேட்டை விட்டு எழுந்து இருட்டில் நடந்ததால் அல்லவா அக்குரல் காதில் விழுந்தது?

மஹல்லா என்ற சொல்லுக்கே குடியிருப்பு வட்டாரம் என்றுதான் பொருள். நம் ஜமாஅத்துகள் பதிவேடு வைத்திருக்கின்றன. பல ஊர்களில் அது தலைக்கட்டுக் கணக்கு: வரி செலுத்தும் குடும்பத் தலைவர் பெயர், நிக்காஹ், மையித்து. பிள்ளைக்கு அதில் இடமில்லை. வாடகைக்கு வந்தவருக்குச் சில ஊர்களில் பெயரே இல்லை. வேற்று மாநிலத்திலிருந்து பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் வந்து வெள்ளிதோறும் பள்ளியின் பின்வரிசையில் நிற்பவரின் குடும்பம் எங்கிருக்கிறது என்பதை அப்பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. நகராட்சியின் 33 கட்டங்களுக்கு வெளியே நின்ற பிள்ளை நம் கட்டத்துக்கும் வெளியேதான் நிற்கிறது.

ஒரு மஹல்லாவோ, மாதர் குழுவோ, பள்ளி ஆசிரியர்களோ உடுமலை வட்டாரத்தில் தாமே ஒரு வரைபடம் தயாரிக்க முற்பட்டால், அதில் எதைக் குறிக்கலாம்? பிள்ளையின் பெயரை வேண்டாம். அது ஒரு பூட்டிய பெட்டியில், இரண்டு மூன்று பேர் பொறுப்பில், அமானிதமாக இருக்கட்டும். தாளில் பிள்ளையைச் சூழ்ந்தவற்றைக் குறிக்கலாம். தோட்டத்துச் சாளையிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழி, அதில் விளக்கில்லாத துண்டு. மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு. ஷிஃப்ட் எப்போது மாறுகிறது, அப்போது தாயும் தந்தையும் ஒருங்கே வேலையிலிருக்கும் மணிநேரம் எது. அந்த நேரத்தில் திறந்திருக்கும் அங்கன்வாடி உண்டா. மில் விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேச அனுமதி உண்டா. இவற்றுக்குச் சிவப்பு பூசினால் எந்தக் குடும்பத்துக்கும் தலைகுனிவு இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் விளங்கும்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவைப்படா. தலைக்கட்டுப் பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தி சேர்த்து, வாடகை வீட்டாருக்கும் பின்பக்கத்தில் நான்கு தாள் ஒதுக்கினால் தொடங்கலாம். ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடி நிற்கும் வேற்று மொழிக்காரரிடம், பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்களா, இங்கே இருக்கிறார்களா என்று கேட்க இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் தெரிந்த இளைஞர் போதும்.